பிட்ஸ்பர்க்கில் கார் இல்லாமல் போய் வர முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், ஐயா. மகனும் மருமகளும் பிட்ஸ்பர்க்கில் ஸ்குவிரல் ஹில் பகுதியில், ஃபோர்ப்ஸ் அவென்யூவும் மர்ரே அவென்யூவும் சந்திக்கும் முனைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். இருவரும் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மே மாதம் போய் அக்டோபர் வரை தங்கப் போகிறீர்கள். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, உங்களுக்கு 66 வயது, அவருக்கு முட்டி வலி. இதையெல்லாம் சொல்லிவிட்டு "அங்கே பஸ் வசதி உண்டா?" என்று முடித்திருக்கிறீர்கள். உண்டு என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சனிக்கிழமை எப்போது வரும், பையன் எப்போது காரை எடுப்பான் என்று ஐந்து மாதம் ஜன்னலோரம் காத்திருக்க வேண்டுமா, நாங்களாகக் கிளம்பிப் போய்விட்டு வர முடியுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

முடியும். தயங்காமல் சொல்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்து 17 வருடம் ஆகிறது. ஒரு ஆய்வகத்தில் வேலை. ஒரு கண்ணில் பார்வை குறைவு என்பதால் கார் ஓட்டுவதில்லை. வேலைக்கு, கடைக்கு, டாக்டரிடம் போக, எல்லாவற்றுக்கும் பஸ்தான். என் அப்பாவும் அம்மாவும் மூன்று முறை வந்து தங்கியிருக்கிறார்கள். நண்பர்களின் பெற்றோர் பலருக்கும் முதல் பஸ் பயணத்தைக் கூடவே போய்ப் பழக்கிவிட்டிருக்கிறேன். அதனால் நடை, பஸ் இரண்டையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். வாடகைக் கார், நெடுஞ்சாலை, பார்க்கிங் பற்றி என்னிடம் கேட்பதைவிட உங்கள் மகனிடம் கேட்பது நல்லது.

இவ்வளவு தைரியமாக "முடியும்" என்பதற்குக் காரணம் வீடு இருக்கும் இடம். இதே கேள்வியை, மகன் வடக்கே கிரான்பெரியில் இருக்கிறான் என்று சொல்லிக் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அங்கெல்லாம் வீடுகள் புதிது, தோட்டம் பெரிது, ஆனால் காரில்லாமல் ஒரு பால் டப்பா வாங்கப் போவதுகூடப் பாடு. பல இடங்களில் நடைபாதையே கிடையாது. உங்கள் வீட்டு முனையிலோ நூலகம், மருந்துக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில். டவுன்டவுன், அதாவது நகர மையம், போகும் பஸ்ஸும் அதே முனையில் நிற்கும். நீங்கள் வருவதற்குள் வீடு மாற்றும் எண்ணம் மகனுக்கு இருந்தால், இந்த ஒரு விஷயத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நகர எல்லைக்குள் ஏறக்குறைய 3 லட்சம் பேர்தான், பெரிய ஊர் இல்லை. வடக்கிலிருந்து வரும் அலெகேனி ஆறும் தெற்கிலிருந்து வரும் மொனாங்கஹீலா ஆறும் ஒரு முனையில் கூடி ஒஹாயோ ஆறாகப் புறப்படுகின்றன. அந்த முக்கோண முனையில்தான் டவுன்டவுன். சுற்றிலும் மேடு, பள்ளம், பள்ளத்தாக்கு. நகரத்துக்குள் 446 பாலங்கள் என்று ஊர்க்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பொதுப் படிக்கட்டுகள் மட்டும் 700-க்கு மேல். அந்தக் காலத்தில் ஆற்றங்கரை இரும்பாலைகளில் வேலை செய்தவர்கள் சரிவுகளில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். ஆலைக்கு இறங்கவும் வீட்டுக்கு ஏறவும் போட்ட படிகள் அவை. இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. பீச்வியூ பகுதியில் கான்டன் அவென்யூ என்று ஒரு தெரு, 100 அடி போனால் 37 அடி ஏறும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், போனில் பார்க்கும் வரைபடம் தட்டையானது. அதில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு இடங்கள், நேரில் ஒன்று மலைமேலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும். சில படிக்கட்டுகளுக்கு ஊரில் முறைப்படி தெருப்பெயரே உண்டு, பெயர்ப்பலகையும் உண்டு. நான் வந்த முதல் குளிர்காலத்தில், போன் 11 நிமிட நடை என்று காட்டிய வழியில் கிளம்பினேன். தெரு என்று நினைத்துத் திரும்பினால் எதிரே செங்குத்தாகப் படிகள், அதன்மேல் உறைந்த பனி. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் நின்று அழுதுவிட்டேன். அன்றிலிருந்து புதிய இடத்துக்கு நடக்கும் முன், வரைபடத்தில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. உங்கள் மனைவிக்கு முட்டி வலி என்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம். இந்த ஊரில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், வழி சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ப்ஸ் முனையிலிருந்து மர்ரே அவென்யூவில் தெற்கே போகப் போக இறக்கம். கடைகளைப் பார்த்துக்கொண்டே சுகமாக இறங்கிவிடலாம், திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். அந்தச் சாலையில் 61சி, 61டி பஸ்கள் போகின்றன. இறங்கும்போது நடந்து போய், திரும்பும்போது கையில் பையோடு பஸ்ஸில் ஏறி வாருங்கள். என் அம்மா இரண்டாவது வாரத்திலேயே இப்படித்தான் காய்கறி வாங்கி வரப் பழகினார்.

இப்போது பஸ். ஊர் முழுவதற்குமான தடங்களைப் படிக்க உட்காராதீர்கள். 61 என்ற ஒரு தடத்தை மட்டும் நன்றாகப் பழகுங்கள். 61ஏ, 61பி, 61சி, 61டி என்று நான்கு உண்டு. நான்கும் உங்கள் முனையைத் தொட்டு, பல்கலைக்கழகமும் அருங்காட்சியகங்களும் உள்ள ஓக்லாண்ட் பகுதி வழியாக டவுன்டவுன் போகும். போகும்போது எதில் ஏறினாலும் சரி. திரும்பி வரும்போதும் ஃபோர்ப்ஸ்-மர்ரே முனைவரை நான்கும் ஒன்றுதான், அதைத் தாண்டித்தான் பிரிகின்றன. பலகையில் இன்பவுண்ட் என்று இருந்தால் டவுன்டவுனை நோக்கிப் போகிறது, அவுட்பவுண்ட் என்றால் அங்கிருந்து வெளியே வருகிறது. உங்களுக்குப் போகும்போது இன்பவுண்ட், வீடு திரும்ப அவுட்பவுண்ட். இந்த இரண்டு சொற்களையும் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஸ்டாப் என்பது பல இடங்களில் கம்பத்தில் மாட்டிய ஒரு சின்னப் பலகைதான், நிழற்குடை இருக்காது. பலகைக்குப் பக்கத்தில், டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள். பஸ் வரும்போது கையை லேசாகக் காட்டுங்கள். முன்வாசலில் ஏறி, ஏறும்போதே கட்டணம். நடத்துநர் கிடையாது. இறங்க வேண்டிய இடத்துக்கு முன் ஜன்னலோரம் ஓடும் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். இழுக்கவில்லை என்றால், யாரும் இறங்குவதற்கு இல்லை என்று டிரைவர் நிற்காமலே போய்விடலாம். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம். பின்வாசலில் இறங்குகிறவர்கள்கூட அங்கிருந்து குரல் கொடுப்பார்கள். நீங்களும் சொல்லுங்கள். நாலு முறை பார்த்த டிரைவர் ஐந்தாவது முறை உங்களைத் தெரிந்துகொள்வார்.

பஸ்ஸை நடத்துவது பிட்ஸ்பர்க் ரீஜனல் டிரான்ஸிட். 2022 வரை போர்ட் அத்தாரிட்டி என்று பெயர், வயதானவர்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள். நான் கொடுத்துப் பழகிய கட்டணம் ஒரு பயணத்துக்கு 2.75 டாலர். காசாகக் கொடுத்தால் சரியான சில்லறை வேண்டும். 3 டாலர் போட்டால் மீதி வராது, அடுத்த பஸ்ஸுக்கு மாறினால் மறுபடியும் முழுக் கட்டணம். அதனால் கனெக்ட்கார்டு என்ற அட்டையை வாங்கிவிடுங்கள். ஜயன்ட் ஈகிள் மளிகைக்கடைகளில் கிடைக்கும். போனில் ரெடி2ரைடு செயலியும் உண்டு. இவற்றில் ஒருமுறை கட்டணம் கழிந்தால், அதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறலாம், வந்த வழியே திரும்பிவரும் பயணம் உட்பட. ஓக்லாண்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் ஒரே கட்டணம்தான். ஒரு நாள் பாஸ் 7 டாலர், ஏழு நாள் பாஸ் 25 டாலர். வாரத்தில் ஐந்து நாள் வெளியே போகிறவர் என்றால் ஏழு நாள் பாஸ் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சலுகை அட்டை இருக்கிறது. ஆனால் சுற்றுலா விசாவில் வருபவர் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். டவுன்டவுனில் உள்ள அவர்களுடைய சேவை மையத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போய்க் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஓக்லாண்டில் ஒரு விஷயம் எல்லாப் புதியவர்களையும் குழப்பும். நம் ஊரில் இறங்கிய ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் திரும்பும் பஸ் வரும். அங்கே அப்படி இல்லை. ஓக்லாண்டின் நடுப்பகுதியில் ஃபோர்ப்ஸ் அவென்யூ, ஃபிஃப்த் அவென்யூ இரண்டும் ஒருவழிப் பாதைகள். டவுன்டவுன் பக்கம் போகும் வண்டிகள் ஃபிஃப்த்தில், திரும்பி வருபவை ஃபோர்ப்ஸில். அதனால் நீங்கள் ஃபிஃப்த்தில் இறங்கினால், வீடு திரும்ப அடுத்த தெருவான ஃபோர்ப்ஸுக்கு நடந்து போய் நிற்க வேண்டும். ஒருவர் இரண்டு மணி நேரம் எதிர்ப்பக்கத்தில் நின்றுவிட்டு, 61 வரவே இல்லை என்று எனக்குப் போன் செய்தார். நல்ல வெயில் வேறு. முதல் நாளே திரும்பும் ஸ்டாப்பைக் கண்ணால் பார்த்து, அதன் பலகையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டவுன்டவுனுக்கும் ஓக்லாண்டுக்கும் இடையே பஸ்ஸுக்கென்று தனி வழி அமைக்கும் திட்டம் சில வருடங்களாக நடந்து வருகிறது. அதனால் ஸ்டாப்புகள் இடம் மாறுவதுண்டு.  கம்பத்தில் கட்டியிருக்கும் அறிவிப்புத் தாளைப் படிக்காமல் நிற்காதீர்கள்.

அதே ஃபிஃப்த் அவென்யூவில், நான் மிகவும் பயப்படும் ஒன்றும் இருக்கிறது. கார்கள் எல்லாம் ஒரே திசையில் போகும் அந்தச் சாலையில், ஓரமாக ஒரு தடத்தில் மட்டும் பஸ்கள் எதிர்த்திசையில் வரும். ஒருவழிப் பாதைதானே என்று ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தால், மறுபக்கத்திலிருந்து பஸ் வரும். நமக்கோ சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழக்கம். இந்த நாட்டில் வண்டிகள் வலப்பக்கமாகப் போவதால், சாதாரணச் சாலையில் முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். இவ்வளவு வருடப் பழக்கத்தை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. அதனால் இங்கே இருக்கும் ஐந்து மாதமும் எந்தச் சாலையானாலும் இரண்டு பக்கமும் பாருங்கள், சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் கடங்கள், கம்பத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி, நடக்கும் மனித உருவம் வெள்ளையில் தெரியும்வரை நில்லுங்கள்.

வெள்ளை உருவம் வந்த பிறகும் ஒரு நொடி பொறுங்கள். இந்த ஊரில் 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்' என்று ஒரு பழக்கம். சிக்னல் பச்சையானதும், இடப்பக்கம் திரும்ப நிற்கும் முதல் கார், எதிரே வரும் வண்டிகள் கிளம்புவதற்கு முன் சட்டென்று திரும்பிவிடும். எதிரே இருப்பவரும் விட்டுக்கொடுப்பார். சட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனாலும் நடக்கிறது. கார் ஓட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையாகத்தான் இதை நினைக்கிறார்கள். அந்த நொடியில் குறுக்கே நடப்பவர்தான் மாட்டிக்கொள்வார். என் அப்பா ஒருமுறை பச்சை விழுந்ததும் வேகமாக இறங்கிவிட்டார். திரும்பிய கார் அவர் வேட்டி ஓரத்தை உரசாத குறையாக நின்றது. இதோடு, சிவப்பு விளக்கு இருந்தாலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பக் கார்களுக்கு அனுமதி உண்டு. டிரைவர் உங்களைப் பார்த்தார் என்று அவர் கண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டு கடங்கள்.

சரி, பஸ்ஸில் ஏறி எங்கே போவது? உங்கள் முனையிலேயே கார்னகி நூலகத்தின் ஸ்குவிரல் ஹில் கிளை இருக்கிறது. உள்ளே போக யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், காசு கிடையாது. நாற்காலி, செய்தித்தாள், இணையம், முக்கியமாகக் கழிப்பறை. இந்த ஊரில் பொதுக் கழிப்பறைகள் மிகக் குறைவு, வயதானவர்கள் வெளியே கிளம்பத் தயங்குவதற்கு அதுவே பெரிய காரணம். எங்கே போனாலும் பக்கத்தில் நூலகக் கிளை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓக்லாண்டில் கார்னகி அருங்காட்சியகங்களோடு ஒட்டியே தலைமை நூலகமும் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடுகள் பெயர்போனவை, ஒரு நாளில் பார்த்து முடிக்க முடியாது. பக்கத்திலேயே ஷென்லி பூங்காவில் ஃபிப்ஸ் கண்ணாடித் தோட்டம். எதிரே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கட்டடம், கதீட்ரல் ஆஃப் லேர்னிங். பெயரில் கதீட்ரல் இருந்தாலும் தேவாலயம் இல்லை, வகுப்பறைகள்தான். இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய பல சமூகங்கள் தங்கள் மரபில் ஆளுக்கொரு வகுப்பறை அமைத்துக் கொடுத்திருக்கின்றன. நாலந்தாவை நினைவூட்டும் செங்கல் வேலைப்பாட்டோடு இந்திய அறையும் ஒன்று, 2000-ல் வந்தது. உங்கள் மனைவிக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். தரைத்தளக் கூடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

டவுன்டவுன் போவதற்கு ஓக்லாண்ட் தாண்டி இன்னும் கொஞ்ச நேரம் அதே பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும். அங்கே லிபர்ட்டி அவென்யூவின் இரு பக்கமும் தெருக்கள் வெவ்வேறு கோணத்தில் போகும், திசை தப்பும். தவறினால் பதற வேண்டாம், பல தெருக்கள் கடைசியில் ஏதாவது ஒரு ஆற்றங்கரையில்தான் முடியும். டவுன்டவுனுக்குள்ளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நார்த் ஷோரிலும் ஓடும் ரயிலுக்கு 'டி' என்று பெயர். ஃபர்ஸ்ட் அவென்யூ நிலையத்திலிருந்து அலெகேனி நிலையம்வரை கட்டணம் கிடையாது. 2012-ல் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டு வடகரைக்கு நீட்டினார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அந்த ஓசி ரயில் பெரிய உதவி. ஆனால் அது ஓக்லாண்டுக்கோ உங்கள் வீட்டுப் பக்கமோ வராது. அதன் நீண்ட தடங்கள் எல்லாம் தெற்குப் புறநகர்களுக்கு. பகலில் டவுன்டவுனில் கூட்டம் இருக்கும், ஆபீஸ் முடிந்ததும் பல தெருக்கள் வெறிச்சோடிவிடும். நான் பெற்றோரை அழைத்துப் போனால் மாலை 5 மணிக்குள் பஸ் ஏறிவிடுவேன்.

ஒரே ஒரு இடம் மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இன்க்லைனைச் சொல்வேன். பழனியில் விஞ்ச்சில் ஏறியிருப்பீர்கள் அல்லவா, அதே முறைதான். கம்பியில் கட்டிய இரண்டு பெட்டிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். மொனாங்கஹீலா இன்க்லைன் 1870-லிருந்தும், டுகேன் இன்க்லைன் 1877-லிருந்தும் ஓடுகின்றன. மேட்டில் குடியிருந்த தொழிலாளர்களும் நிலக்கரியும் ஏறி இறங்க ஒரு காலத்தில் இதுபோல் பதினைந்துக்கு மேல் இருந்தன, இப்போது மிஞ்சியவை இந்த இரண்டு. டுகேன் இன்க்லைன் 1962-ல் மூடப்பட்டபோது அக்கம்பக்கத்து மக்களே பணம் திரட்டி அடுத்த வருடம் திறந்தார்கள். மொனாங்கஹீலா இன்க்லைனில் பஸ்ஸுக்கு வாங்கிய அதே அட்டை செல்லும். டவுன்டவுனிலிருந்து ஸ்மித்ஃபீல்ட் தெருப் பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்தால் கீழ்நிலையம் எதிரே தெரியும். பாலம் 1883-ல் திறந்தது, நடைபாதை அகலம், வழி சமம். மேலே கிராண்ட்வியூ அவென்யூவில் நின்றால் மூன்று ஆறுகளும் கூடும் முனை காலடியில் இருக்கும். பழுதுபார்ப்புக்காக இன்க்லைனை அவ்வப்போது நிறுத்துவார்கள், சில சமயம் நாள்கணக்கில். கிளம்பும் முன் அன்று ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸில் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பென் ஹில்ஸில் இருக்கும் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் பஸ்ஸில் போவது நடைமுறைக்குச் சரிப்படாது. 1976-ல் குடமுழுக்கு நடந்த கோயில், அமெரிக்காவில் நம் மரபுப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. நெடுஞ்சாலையில் போகும்போதே மேட்டில் வெள்ளையாகத் தெரியும். அதற்கு மகனின் சனி, ஞாயிறுதான். சன்னிதியில் நின்றுவிட்டுக் கீழே உணவுக்கூடத்தில் புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு அரை நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். மன்ரோவில் என்ற ஊர்ப் பக்கம் உள்ள பெரிய கடைகளுக்கும் அப்படியே. விமான நிலையத்திலிருந்து டவுன்டவுன் வழியாக ஓக்லாண்டுவரை 28எக்ஸ் என்ற பஸ் சாதாரணக் கட்டணத்தில் வருகிறது. தனியாக வரும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஐந்து மாதப் பெட்டிகளோடும் நீண்ட பயணக் களைப்போடும் வரும் உங்களுக்கு அது வேண்டாம், மகன் காரில் வரட்டும். அவசரத்துக்கு ஊபர் செயலியை உங்கள் போனிலும் போட்டுத் தரச் சொல்லுங்கள். மகன் போனில் மட்டும் இருந்தால் உதவாது.

நான் சொன்னவற்றில் மலையும் ஆறும் ஒருவழிப் பாதைகளும் நாளைக்கு மாறப் போவதில்லை. கட்டணம், பஸ் வரும் இடைவெளி, ஸ்டாப் இருக்கும் இடம் ஆகியவை மாறக்கூடியவை. நிதிப் பற்றாக்குறையால் பஸ்களைக் குறைக்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பஸ் குறைவு. அந்த நாட்களில் நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்குப் போகாதீர்கள். பாலங்கள் இவ்வளவு உள்ள ஊரில், ஒன்றை மூடினாலும் பஸ் நெடுந்தூரம் சுற்றிப் போகும். 2022 ஜனவரி 28 அன்று, உங்கள் ஃபோர்ப்ஸ் அவென்யூவிலேயே, ஸ்குவிரல் ஹில்லுக்குக் கிழக்கே உள்ள ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து விழுந்தது. அப்போது அதன்மேல் ஒரு பஸ் இருந்தது. பனி காலத்து அதிகாலை என்பதால் வண்டிகள் குறைவு, உயிர்ச்சேதம் இல்லை. புதிய பாலம் அந்த வருட டிசம்பரிலேயே திறந்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் அந்தப் பக்கப் பயணங்கள் எல்லாம் சுற்று வழிதான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பஸ் திடீரென்று தெரியாத தெருவில் திரும்பினால் டிரைவரிடம் கேளுங்கள், உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் எங்கே இறங்கலாம் என்று சொல்லிவிடுவார்.

வந்து தூக்கக் கலக்கம் தெளிந்த முதல் சனிக்கிழமை, மகனைக் காரை வீட்டில் விட்டுவிட்டு உங்களோடு 61-ல் ஓக்லாண்ட்வரை வரச் சொல்லுங்கள். அட்டையைத் தட்டுவது, கயிற்றை இழுப்பது, திரும்பும் ஸ்டாப்புக்கு நடப்பது எல்லாவற்றையும் அவர் செய்யாமல் நீங்கள் செய்யுங்கள், அவர் கூட நிற்கட்டும். அடுத்த செவ்வாய் அல்லது புதன், கூட்டம் குறைந்த காலை 10 மணிவாக்கில் நீங்கள் இருவர் மட்டும் அதே வழியில் போய் வாருங்கள். வீட்டு முகவரி எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும், போன் சார்ஜ் தீர்ந்தாலும் உதவும். உங்கள் மனைவி ஏறும்போது படி உயரமாகத் தெரிந்தால் டிரைவரிடம் "லோயர் த பஸ், ப்ளீஸ்" என்று கேட்கச் சொல்லுங்கள். பஸ்ஸின் முன்பக்கம் அப்படியே நடைபாதை உயரத்துக்கு இறங்கி வரும். முன்வரிசை இருக்கைகள் முதியவர்களுக்கு உரியவை, யாராவது உட்கார்ந்திருந்தாலும் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவர் உட்கார்ந்த பிறகு நீங்கள் அட்டையைத் தட்டலாம், அந்த நேரத்துக்கு டிரைவர் காத்திருப்பார்.